அஞ்சலை கொடுத்த சிபாரிசு

1

விண்ணப்பித்த வேலையின் பெயரை அம்மாவிடம் ஆங்கிலத்திலேயே சொன்னது என் தவறு.

"கம்யூனிட்டி எங்கேஜ்மென்ட்டும்மா" என்றேன் போனில்.

அந்தப் பக்கம், திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் வீட்டுச் சமையலறையில் மிக்சி சத்தம் சட்டென்று நின்றது.

"எங்கேஜ்மென்ட்டா? யார்டி பையன்? நம்ம கம்யூனிட்டிதானே?"

"பையன் இல்லம்மா. வேலை. வேலையோட பேரு அது."

"வேலைக்கு எவனாவது நிச்சயதார்த்தம்னு பேரு வெப்பானா? மறைக்காத. நம்மாளுங்களா, வேற ஆளுங்களா, அத மட்டும் சொல்லு. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

இங்கே ஓர் ஆறு இருக்கிறது, அதில் சால்மன் மீன் குறைந்துகொண்டே வருகிறது, ஆற்றைக் காக்க ஒரு தொண்டு நிறுவனம் இருக்கிறது, ஆற்றோரம் ஆதியிலிருந்து வாழும் பூர்வகுடி மக்களிடம் போய்ப் பேசி அவர்களைக் கூட்டுச் சேர்க்க ஆள் தேடுகிறார்கள் என்று பொறுமையாக விளக்கினேன். அம்மா கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"அவங்ககிட்ட பேச அவங்க ஊர்லயே ஆளு கிடைக்கலியா? கீழ்பென்னாத்தூர்ல பொறந்த பொண்ணு போயிதான் பேசணுமா?"

நேர்காணலுக்கு எதிர்பார்க்கும் கேள்விகள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தேன். இதையும் அதில் சேர்த்தேன். விடைக்கான இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

2

இந்தக் கோடையோடு நான் கனடாவுக்கு வந்து நான்கு வருடம் முடிகிறது. ஊரில் இருக்கும் தோழிகள் "செட்டில் ஆயிட்டியா?" என்று கேட்கிறார்கள். விண்ணப்பித்த நாளின் நிலவரத்தை வரிசைப்படுத்தியே சொல்கிறேன். எனக்கு அப்படித்தான் யோசிக்க வரும். ஒன்று, கணினியில் நிலப்படம் தயாரிக்கும் மேற்படிப்பை முடித்துவிட்டேன். இரண்டு, அந்தப் படிப்புக்கேற்ற வேலையில் ஒரு வருடம் இருந்தேன். திட்டம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். மூன்று, இப்போது விடியற்காலையிலிருந்து மதியம் வரை ஒரு பெரிய மளிகைக் கடையில் காய்கறி அடுக்குகிறேன். வாடியதைக் கழித்து, நேற்றையதை முன்னால் தள்ளி, இன்றையதைப் பின்னால் வைக்க வேண்டும். நான்கு, என் வொர்க் பெர்மிட் முடிய நான்கு மாதம் இருக்கிறது. அதற்குள் படிப்பு சார்ந்த வேலை கிடைத்து, அந்த நிறுவனம் கடிதமும் கொடுத்தால் நீட்டிக்கலாம். இல்லையென்றால் திரும்ப வேண்டும். திரும்பினால் எனக்காக என்ன காத்திருக்கிறது என்பதை அம்மாவே மேலே சொல்லிவிட்டார்.

அந்த வருடத்தில் நான் அனுப்பிய விண்ணப்பங்களில் இது அறுபத்திரண்டாவது. ஆன்லைன் படிவத்தில் 'உங்கள் சமூகம்' என்று ஒரு கட்டம் இருந்தது. எந்த ஊரில், எந்த மக்களோடு வாழ்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். ஆனால் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து கல்லூரி வரை, நம் ஊரில் அந்தக் கட்டத்துக்கு ஒரே விடைதான். கை தானாக 'எம்.பி.சி.' என்று தட்டிவிட்டது. அனுப்பும் பொத்தானையும் அழுத்திவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மேலாளர் கிரெக்கிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நான் இருப்பது பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். இங்கே எல்லோரும் அதை பி.சி. என்பார்கள். 'முன்னால் இருக்கும் எம். என்பது எந்தப் பகுதி? மத்திய பி.சி.யா?' என்று அன்பாகக் கேட்டிருந்தார்.

தட்டச்சுப் பிழை, மன்னிக்கவும் என்று பதில் எழுதினேன். மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலை அவருக்கு விளக்கி எழுத எத்தனை பத்தி ஆகும் என்று யோசித்துப் பார்த்துவிட்டு எழுதிய பதில் அது. இந்த வேலைக்காக நான் சொன்ன முதல் பொய்.

3

படிவத்தின் நான்காவது கேள்வி: 'ஒரு பூர்வகுடிச் சமூகத்தோடு நீங்கள் செய்த வேலையை விவரியுங்கள். அவர்கள் உங்களை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள்?' அதன் கீழே, அந்தச் சமூகத்திலிருந்து உங்களுக்காகப் பேசக்கூடிய ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும்.

என்னிடம் அப்படி ஒரே ஒரு வேலைதான் உண்டு. கனடா வருவதற்கு முந்தைய வருடம் திருவண்ணாமலையில், ஏரிகளைச் சீரமைக்கும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் இருந்தேன். கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஓர் ஏரிக்கரையில் இருளர் குடியிருப்பு, இருபத்தேழு வீடு. வீடு வீடாகப் போய்க் கேட்டு டேப்லெட்டில் பதிய வேண்டும். பெயர், எத்தனை பேர், ரேஷன் கார்டு உண்டா, தண்ணீர் எங்கே எடுக்கிறார்கள், சமூகம் என்ன. காலை பஸ்ஸில் இறங்கி வரப்பு மேல் நடந்து போவேன். பௌர்ணமி நாளில் பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பதால் அன்று மட்டும் போக மாட்டேன்.

முதல் வீடு அஞ்சலையுடையது. நாற்பது வயதிருக்கும். கரும்பு வெட்டப் போகிறவர். கணவர் இல்லை, சந்தியா என்று ஒரே மகள், அப்போது எட்டாம் வகுப்போ என்னவோ. நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னை மேடம் என்றார். அக்கா என்று எத்தனை முறை கூப்பிட்டாலும் அந்த மேடம் இறங்கவில்லை.

"நீங்க என்ன கம்யூனிட்டிக்கா?"

"எங்களையா மேடம்? ஊர்ல வேட்டைக்காரங்கனு சொல்வாங்க."

எனக்கும் சின்ன வயதிலிருந்து அந்தப் பெயர்தான் பழக்கம். எங்கள் பக்கத்தில் இருளர்களை ஊரார் அப்படித்தான் குறிப்பிடுவார்கள். டேப்லெட்டில் இருந்த நீண்ட பட்டியலில் தேடினேன். 'வேட்டைக்காரர்' என்று ஒரு பெயர் இருந்தது. தொட்டேன். மக்கள் சொல்வதை நம் விருப்பத்துக்கு மாற்றக் கூடாது, சொன்னதை அப்படியே பதிய வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அப்படியே பதிந்தேன். எல்லோரும் ஒரே ஆட்கள்தானே என்று மீதி இருபத்தாறு வீட்டுக்கும் அதையே நகலெடுத்துவிட்டேன். நேரம் மிச்சமானது.

'ஊர்ல என்ன சொல்வாங்க' என்பதற்கும் 'நீங்க உங்களை என்ன சொல்லிப்பீங்க' என்பதற்கும் நடுவில் ஒரு கேள்வி தூரம் இருக்கிறது. அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருளர் என்று சொல்லியிருப்பார்கள். இருளர் என்றால் பழங்குடிப் பட்டியல். வேட்டைக்காரர் என்பது வேறொரு சமூகத்தின் பெயர். அது இருப்பது என் சாதி இருக்கும் அதே தலைப்பின் கீழ். ஒரே தொடுதலில் இருபத்தேழு வீட்டையும் காகிதத்தில் என் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டேன்.

நிறுவனம் மூடப்பட்டது. ஏரி வேலை தொடங்கவே இல்லை. பட்டியல் மட்டும் அரசு அலுவலகம் வரை போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போயிருந்தது. நான் இங்கே வந்து இரண்டாம் வருடம், உடன் வேலை பார்த்த தோழி ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள். அந்தக் குடியிருப்புப் பிள்ளைகள் பழங்குடிச் சான்றிதழ் கேட்டு வருவாய் அலுவலகத்துக்குப் போனால், 'உங்க ஆளுங்க குடுத்த கணக்குலயே வேட்டைக்காரர்னு இருக்கே' என்று திருப்பி அனுப்புகிறார்களாம். அது தேர்வு நேரம். தேர்வு முடிந்ததும் செய்ய வேண்டியவை என்ற வரிசையில் எழுதி வைத்தேன். தேர்வு முடிந்தது. வேலை தேடத் தொடங்கினேன்.

நான்காவது கேள்விக்கு முந்நூறு சொல்லில் விடை எழுதினேன். வரப்பு இருந்தது, ஏரி இருந்தது, இருபத்தேழு வீடும் இருந்தது. எழுதிய எல்லாம் உண்மை.

4

பழைய கைபேசியில் இருந்த அஞ்சலையின் எண்ணைத்தான் படிவத்தில் கொடுத்திருந்தேன். நேர்காணலுக்கு அழைப்பு வந்தது, அங்கிருந்தே அவரோடு போனில் பேசுவார்களாம். இங்கே மாலை, அங்கே விடிந்த நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டேன். சந்தியாதான் எடுத்தாள், பெயரைச் சொன்னதும் பின்னாலிருந்து அஞ்சலை கத்தியது கேட்டது.

"எம்மா! டேப்பு மேடம்மா? ஸ்பீக்கர்ல போடுடி! மேடம், எங்க இருக்கீங்க? கண்ணாலம் ஆயிடுச்சா?"

"இல்லக்கா. கனடாவுல இருக்கேன். ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன். உங்கள மாதிரி ஒருத்தவங்க எனக்கு சிபாரிசு சொல்லணுமாம்."

"யாரு, நானா?" சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "என் சிபாரிசுல ரேஷன் கடைல பாமாயிலே வராது மேடம். உங்களுக்கு கனடாவுல வேலை வந்துடுமா?"

"இங்க அப்படித்தான்க்கா. நீங்க சொன்னாத்தான் மதிப்பு."

"நல்ல ஊரா இருக்கே அது. சரி, என்னான்னு சொல்லணும்?"

"உங்களுக்கு என்ன தோணுதோ அத சொல்லுங்க."

"தோணுறதெல்லாம் வேலைக்கு ஆவாது. நீங்க எழுதி அனுப்புங்க. சந்தியா படிச்சி காட்டட்டும், நான் மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

வேண்டாம் என்றேன். பேச்சை மாற்றுவதற்காக, சந்தியா என்ன செய்கிறாள் என்று கேட்டேன்.

"ப்ளஸ் டூ முடிச்சிட்டேன்க்கா" என்றாள் சந்தியா. அவளுக்கு நான் அக்காதான். "நர்சிங்குக்கு போட்டிருக்கேன். மார்க் ஜாஸ்திதான். கம்யூனிட்டி சர்ட்டிபிகேட்தான் வரல. அது இருந்தாத்தான் சீட்டு, ஸ்காலர்ஷிப் எல்லாம்."

"ஏதோ லிஸ்ட்டுல எங்கள வேற என்னாவோனு எழுதி வெச்சிருக்காங்களாம் மேடம்" என்றார் அஞ்சலை. "எந்தப் பாவி எழுதினானோ தெரியல. மூணு வாட்டி போயிட்டு வந்துட்டோம்."

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். அந்தப் பக்கம் ஒரு சேவல் கூவியது. என் கையில் நேர்காணல் நேரத்தை எழுதிய தாள் இருந்தது.

"வர்ற வியாழக்கிழமை காலைல ஆறு மணிக்கு போன் வரும்க்கா. கரும்புக்கு போயிடாதீங்க" என்றேன்.

5

நேர்காணல் அவர்கள் அலுவலகத்திலேயே நடந்தது. கிரெக்கும், ஆற்றோரப் பூர்வகுடி மக்கள் தரப்பில் லொரெய்ன் என்ற பெண்ணும் இருந்தார்கள். லொரெய்னுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். தன் மக்களின் மீன்பிடி உரிமைக்காக ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்குபவர். என்னை முதலில் பார்த்ததும், "உன் ஊரிலும் ஆற்றை விழுங்கிவிட்டார்களா?" என்று கேட்டார். ஏரியை என்றேன். தலையாட்டினார். அவரை எனக்குப் பிடித்துப் போனது. அதனால்தான் இதை எழுதுவது கடினமாக இருக்கிறது.

தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு முயன்றதாகவும் கிடைக்கவில்லை என்றும் கிரெக் சொன்னார். வேறு நாள் வைத்துக்கொள்ளலாமா என்றார்.

"இவளே சொல்லட்டும்" என்றார் லொரெய்ன். "எங்கள் பெரியவர்கள் பேசியதை எத்தனையோ பேர் மாற்றிச் சொன்னதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்."

மேசை நடுவில் கைபேசியை வைத்து ஸ்பீக்கரைப் போட்டேன். முதல் மணியிலேயே அஞ்சலை எடுத்தார்.

"வணக்கங்க" என்றார், சபையில் பேசுகிற குரலில். "இந்தப் பொண்ணு நல்ல பொண்ணுங்க. எங்க வூட்டுக்கு வந்து பாயில உக்காந்துச்சு. தண்ணி குடுத்தோம், குடிச்சுது. மத்தவங்கல்லாம் வாங்கி ஓரமா வெச்சிட்டு போயிடுவாங்க. அப்புறம், நாங்க என்னா சொன்னோமோ அத அப்படியே எழுதிச்சுங்க. ஒரு எழுத்து மாத்தல."

வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னேன். தண்ணீர் குடித்ததைச் சொன்னபோது லொரெய்ன் என்னைப் பார்த்தார். கடைசி வாக்கியத்தைக் கிரெக் குறித்துக்கொண்டு அடிக்கோடு போட்டார். பாராட்டாகச் சொன்னார், பாராட்டாகவே எழுதப்பட்டது. நான் எதையும் மாற்றவில்லை.

"அவள் எழுதியதால் உங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேள்" என்றார் லொரெய்ன்.

கேட்டேன்.

"அதுலயா?" அஞ்சலையின் குரல் இறங்கியது. சபைக் குரல் போய்விட்டது. "அதுல என்னா மேடம் கிடைச்சுது, ஒண்ணும் இல்ல. ஏரிய தூரு வாருறேன்னாங்க, வாரல. பட்டா வரும்னாங்க, வரல. இவளுக்கு சர்ட்டிபிகேட்டும் இல்ல. வந்தவங்கல்லாம் எழுதினு போனாங்க, அவ்ளோதான். இதெல்லாம் அவங்ககிட்ட சொல்லாதீங்க மேடம், உங்க வேலைக்கு ஆவாது. நல்லா இருந்துச்சுனு சொல்லிடுங்க."

இருவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நன்றாக இருந்தது என்கிறார்" என்றேன் ஆங்கிலத்தில்.

லொரெய்ன் புருவத்தை உயர்த்தினார். "அவ்வளவு நேரம் பேசினாரே. இவ்வளவுதானா?"

"தமிழ் நீளமான மொழி."

அவர் சிரித்தார். "எங்கள் மொழியும் அப்படித்தான்" என்றார். முகத்தைப் பார்த்து அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. என் முகம் அமைதியானது என்று பள்ளியிலிருந்தே எல்லோரும் சொல்வார்கள்.

6

ஒன்பதாம் நாள் வேலை உத்தரவு வந்தது. கடையில் சொல்லிவிட்டு நின்றுகொண்டேன். நிறுவனத்தின் கடிதத்தை இணைத்து பெர்மிட் நீட்டிப்புக்கு விண்ணப்பித்தேன். முடிவு வரும் வரை நாட்டைவிட்டு வெளியே போகாதே, போனால் இதே வேலைக்குத் திரும்பி வர முடியும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் விவரம் தெரிந்தவர். ஒரு வருடம்கூட ஆகலாமாம்.

அஞ்சலைக்குச் சொன்னபோது கூவினார். "பாத்தியாடி, நான் சொல்லி கிடைச்சிருக்கு!" என்று சந்தியாவிடம். பிறகு என்னிடம், கொஞ்சம் தயங்கி: "மேடம், நான் உங்களுக்கு சொன்னேன்ல. நீங்க சர்ட்டிபிகேட் ஆபீஸ்ல இவளுக்கு ஒரு வார்த்த சொல்லுங்க. கனடாவுல இருந்து சொன்னா கேப்பாங்க."

அன்றே எழுதினேன். தமிழில், வரிசை எண் போட்டு. அந்த ஏரிக்கரைக் கணக்கெடுப்பை எடுத்தது நான். 'வேட்டைக்காரர்' என்று பதிந்தது என் தவறு. அது ஊரார் அழைக்கும் பெயர், அவர்களுடைய சமூகத்தின் பெயர் அல்ல. முதல் வீட்டில் கேட்டதை மற்ற வீடுகளில் கேட்காமலேயே நகலெடுத்தேன். அவர்கள் இருளர். கையெழுத்திட்டு, படம் எடுத்து, சந்தியாவின் எண்ணுக்கு அனுப்பினேன். அச்செடுத்து அலுவலகத்தில் கொடுக்கச் சொன்னேன். ஐந்து வருடம் தாமதமாக எழுதிய ஐந்து வரி.

நம் ஊர்க்காரர்கள் படிக்கும் பக்கம் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். கீழ்பென்னாத்தூரைத் தாண்டி அந்த ஏரிக்கரையில் இருக்கும் இருபத்தேழு வீடும் இருளர் வீடு. அந்தப் பட்டியல் யார் மேசையில் இருந்தாலும், அதில் இருப்பது அவர்கள் சொன்னது அல்ல, நான் கேட்காமல் விட்டது.

நேற்று சந்தியா கூப்பிட்டாள்.

"லெட்டர் குடுத்தேன்க்கா. லெட்டர்லாம் எடுத்துக்க மாட்டாங்களாம். எழுதினவங்க நேர்ல வந்து சொல்லணுமாம். நீங்க எப்ப வருவீங்க?"

பெர்மிட் விவரத்தைச் சொன்னேன். "அடுத்த வருஷம்தான் சந்தியா."

"அட்மிஷன் வெள்ளிக்கிழமையோட முடியுது."

"தெரியும்."

லைன் அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"லெட்டர நான்தான் பிரிண்ட் எடுத்தேன். படிச்சேன். அந்த லிஸ்ட்டு நீங்க எழுதினதா?"

"ஆமா."

"அன்னிக்கி அம்மா பேசறப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். நீங்க அவங்ககிட்ட இங்கிலீஷ்ல என்ன சொன்னீங்கனும் எனக்கு புரிஞ்சுது."

பின்னாலிருந்து அஞ்சலையின் குரல் வந்தது.

"என்னாவாம்டி? லெட்டர்ல என்னா எழுதியிருக்காங்களாம்?"

சந்தியா கைபேசியைத் தள்ளிப் பிடித்துச் சொன்னது எனக்குக் கேட்டது.

"ஒண்ணும் இல்லம்மா. வேலைல சேந்துட்டாங்களாம். உனக்கு நன்றி சொல்றாங்க."

"நல்லா இருக்கட்டும். நம்ம விஷயம் என்னா ஆச்சுனு கேளு."

சந்தியா கேட்கவில்லை.

"வெச்சிடறேன் மேடம்" என்றாள்.